பெட்ரோல் காரில் ஃபியூவல் ஃபில்டரை எப்போது மாற்ற வேண்டும், மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி:

எனது பெட்ரோல் கார் 90,000 கிலோமீட்டரைக் கடந்துவிட்டது. இதுவரை ஃபியூவல் ஃபில்டரை மாற்றியதில்லை. சர்வீஸுக்கு விட்ட இடத்தில் அதை உடனே மாற்றச் சொல்கிறார்கள். ஆனால் காருடன் வந்த கையேட்டின் பராமரிப்பு அட்டவணையில் ஏர் ஃபில்டரும் ஆயில் ஃபில்டரும் இருக்கின்றனவே தவிர, ஃபியூவல் ஃபில்டரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சமதரையில் வண்டி குறையின்றி ஓடுகிறது. ஆட்களை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும்போது மட்டும், ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தாலும் இழுவை போதவில்லை. இதற்கு ஃபில்டர் காரணமாக இருக்குமா?

முதல் பதில்:

உங்கள் காரில் ஃபில்டர் எங்கே இருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பழைய பெட்ரோல் கார்களில் அது வண்டியின் அடிப்பகுதியிலோ எஞ்சின் அறையிலோ குழாயின் நடுவே தனியாகப் பொருத்தப்பட்டிருக்கும். அதை நாற்பதாயிரம், அறுபதாயிரம் கிலோமீட்டர் போன்ற இடைவெளிகளில் மாற்றும்படி கையேடே சொல்லிவிடும். பிற்காலத்தில் வந்த பல கார்களில் ஃபில்டரும் பம்பும் பிரெஷர் ரெகுலேட்டரும் ஒரே தொகுதியாக டேங்குக்குள் இருக்கின்றன. இவ்வகை ஃபில்டருக்குப் பெரும்பாலும் மாற்றும் காலம் குறிக்கப்படுவதில்லை. சில மாடல்களில் அதைத் தனியாக வாங்கவும் முடியாது, தொகுதி முழுவதையும் வாங்க வேண்டியிருக்கும். அட்டவணையில் இல்லாத, நல்ல நிலையில் உள்ள ஒன்றைப் பயத்தின் பேரில் மாற்றுவதை நான் வீண்செலவு என்றே சொல்வேன்.

இரண்டாம் பதில்:

மேலே சொன்னதை டீசல் கார் வைத்திருப்பவர்கள் தங்களுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. டீசல் ஃபில்டர் தூசியை மட்டுமல்லாமல், எரிபொருளில் கலந்திருக்கும் தண்ணீரையும் பிரித்து அடியில் தேக்கிவைக்கிறது. எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன்ரெயில் அமைப்பில் அழுத்தம் 2,000 பார் அளவுக்கும் உயரக்கூடும். எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குள் அசையும் பாகங்களுக்கு இடையிலான இடைவெளியோ சில மைக்ரான்கள்தான். அங்கே தண்ணீரோ நுண்ணிய துகளோ புகுந்தால், ஃபில்டரின் விலையைப் போலப் பல மடங்கு செலவு வைத்துவிடும். ஆகவே டீசலில் கையேடு சொல்லும் கிலோமீட்டர் வந்தவுடன், வண்டி எவ்வளவு நன்றாக ஓடினாலும் மாற்றிவிட வேண்டும். தண்ணீர் தேங்கியதற்கான விளக்கு டாஷ்போர்டில் எரிந்தால் அதுவரைகூடக் காத்திருக்காமல், ஃபில்டரின் அடியிலுள்ள வடிகால் திருகைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுங்கள்.

மூன்றாம் பதில்:

முதல் பதிலில் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் கேள்வி கேட்டவரின் வண்டியை 'நல்ல நிலையில் உள்ளது' என்று எப்படி முடிவு செய்தார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. அடைபட்ட ஃபில்டரின் குணமே அதுதான்: ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும்போது, எஞ்சினுக்குத் தேவைப்படும் பெட்ரோல் மிகக் குறைவு என்பதால் எந்தக் குறையும் தெரியாது, மேட்டில் பாரத்தோடு ஏறும்போதுதான் கேட்ட அளவு பெட்ரோல் வராமல் எஞ்சின் திணறும். கலவையில் பெட்ரோல் குறைந்துவிட்டதைக் காட்டும் பி0171 என்ற பிழைக்குறியும் சில சமயம் பதிவாகியிருக்கும்.

இருந்தாலும் ஃபில்டர்மீதே பழியைப் போட்டுவிடக் கூடாது. தேய்ந்துபோன பம்ப், அடைபட்ட ஏர் ஃபில்டர், வழுக்கும் கிளட்ச், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைத்துக்கொள்வது ஆகிய எல்லாவற்றுக்கும் இதே அறிகுறி உண்டு. ஏற்றத்தில் எஞ்சினின் சுற்று எகிறியும் வண்டி வேகமெடுக்கவில்லை என்றால் கிளட்சைத்தான் முதலில் சந்தேகிப்பேன். மற்றபடி, எரிபொருள் குழாயில் அழுத்தமானியை மாட்டி, ஐடிலில் மட்டுமின்றிப் பாரத்தோடு ஓட்டும்போதும் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். பல கார்களில் 3 முதல் 4 பார் வரை இருக்க வேண்டிய அழுத்தம், முழு ஆக்ஸிலரேட்டரில் சரிந்தால், கோளாறு பெரும்பாலும் பம்பிலோ ஃபில்டரிலோதான். இந்தச் சோதனையைச் செய்யாமல் 'பார்த்தாலே தெரிகிறது, மாற்றிவிடலாம்' என்று சொல்லும் மெக்கானிக்கை நான் நம்பமாட்டேன்.

நான்காம் பதில்:

சோதனையில் ஃபில்டர்தான் என்று உறுதியானால், வேலையைப் பற்றி ஒரு சொல். எஞ்சின் நின்ற பிறகும் குழாயில் அழுத்தம் இருக்கும்; பம்பின் ஃபியூஸைக் கழற்றி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையையும் கழற்றிய பின்னரே இணைப்பைத் திறக்க வேண்டும். குழாயில் இருக்கும் ஃபில்டர் என்றால், அதன்மீதுள்ள அம்புக்குறி எஞ்சினை நோக்கி இருக்க வேண்டும். டேங்குக்குள் இருப்பதென்றால் மூடியின் ரப்பர் சீலையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பழையதையே அழுத்தி வைத்தால் பெட்ரோல் வாசனை உள்ளே வரத் தொடங்கும்.

கழற்றிய ஃபில்டரைக் கேட்டு வாங்கி, அதில் மிஞ்சியுள்ள பெட்ரோலை, உள்வரும் முனை வழியாக ஒரு வெள்ளைத் துணியில் கவிழ்த்துப் பாருங்கள். துணியில் துருத்தூளோ கருஞ்சேறோ படிந்தால், டேங்கையும் கழுவ வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் புதிய ஃபில்டரும் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும்.