பேர் மாறுற பைனரி மேல பக் போடலாமா?

பட்டறை: நேத்து இங்க ஒருத்தர் எழுதினதைப் படிச்சதுல இருந்து மனசு ஆறல. "டெபியன் லினக்ஸ்ல பக்கை பைனரி பேக்கேஜ் மேலதான் போடணும், சோர்ஸ் மேல போடுறவன் சோம்பேறி"யாம். பக்னா பிழை ரிப்போர்ட்; சோர்ஸ்னா நிரலோட மூலம், அதுல இருந்து உருவாக்கி நாம இன்ஸ்டால் பண்றது பைனரி. 2024ல நேரத்தைக் குறிக்கிற டைம்_டியை 64 பிட் ஆக்குற மாற்றம் வந்தப்ப லிப்எஸ்எஸ்எல்3ங்கற பைனரி பேரே லிப்எஸ்எஸ்எல்3டி64னு ஆயிடுச்சு. பழைய பேர்ல போட்ட பக் புதுப் பேரோட பக்கத்துல தெரியாது. ஓப்பன்எஸ்எஸ்எல்ங்கற சோர்ஸ் பேர் மட்டும் அப்படியே நிக்குது. இதுக்குப் பதில் சொல்லுங்க.

கீபோர்டுகிளி: அந்த ஒருத்தர் நான்தான், பேரைச் சொல்லியே பேசலாம். சாதா யூசர் என்ன பண்ணுவான்? உடைஞ்ச ஃபைல் எதோடதுன்னு டிபிகேஜி -எஸ் கமாண்ட் போட்டுப் பார்ப்பான். அது காட்டுறது பைனரி பேரை. ஜிலிப்சி ஒரே சோர்ஸ்தான், அதுல இருந்து லிப்சி6, லிப்சி-பின், லொக்கேல்ஸ்னு வரிசையா வருது. தமிழ் லொக்கேல்ல, அதாவது மொழி அமைப்புல, தேதி தப்பா வந்தா லொக்கேல்ஸ் மேல போடாம வேற எங்க போடுறது?

பட்டறை: லொக்கேல்ஸை விடுங்க. லிப்எஸ்எஸ்எல்3 பேர் மாறுச்சா இல்லையா?

கீபோர்டுகிளி: மாறுச்சு. சோர்ஸ் பக்கத்தைத் திறந்தா அதோட எல்லா பைனரி பக்கும் சேர்ந்தே வரும். தெரியாதா?

பட்டறை: பழைய பேர் டெபியனோட பேக்கேஜ் ஆர்க்கைவ்ல இருக்குற வரைக்கும்தான் வரும். பேர் போயிட்டா அந்த பக் கேட்க ஆளில்லாம கிடக்கும். ஒவ்வொண்ணா தேடி சரியான பேக்கேஜுக்கு ரீஅசைன் பண்ணினவன் நான். கர்னலைப் பாருங்க, லினக்ஸ்-இமேஜ்-6.1.0-13-ஏஎம்டி64. அடுத்து 13 போயி 14. அதனாலதான் கர்னல் பக் எஸ்ஆர்சி:லினக்ஸ், அதாவது லினக்ஸ்ங்கற சோர்ஸ் மேல போகுது.

வழுவாளி: ரெண்டு பேரும் பக், பக்னே எழுதுறீங்க. வழுன்னு நல்ல சொல் இருக்கு.

கீபோர்டுகிளி: ஐயா, அதுக்குத் தனியா இழை போடுங்க.

வழுவாளி: 15 வருஷமா மொழிபெயர்க்கிறேன், இங்க ஒருத்தர் கூட மதிக்கிறதில்ல.

நெல்லைலினக்ஸ்: சோர்ஸ்ல இருந்து பில்டே ஆகலைன்னா பைனரியே கிடையாது, சோர்ஸ் மேலதான் போட்டாகணும். உபுண்டுவோட பக் தளம் லாஞ்ச்பேட்லயும் சோர்ஸ் மேலதான்.

கீபோர்டுகிளி: உபுண்டுவை எதுக்கு இழுக்குறீங்க? பில்ட் ஃபெயிலியர் வேற கதை. போன வருஷம் நான் போட்ட பக்கை அந்த பேக்கேஜைப் பராமரிக்கிற மெயின்டெய்னர் ஒரு வரி கூட எழுதாம சோர்ஸுக்குத் தள்ளிட்டார். அந்த சோர்ஸ்ல 12 பைனரி. எது உடைஞ்சதுன்னு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து கண்டுபிடிச்சேன், அந்தப் பேரே காணாம போச்சு.

பட்டறை: பேரை ரிப்போர்ட் தலைப்புலயே எழுதலாமே. சேஞ்ச்லாக்ங்கற மாற்றக் குறிப்புல "க்ளோசஸ்"னு போட்டு பக்கை மூடுறது சோர்ஸ் அப்லோடு. எந்த வெர்ஷன்ல சரியாச்சுங்கற கணக்கும் சோர்ஸ் வெர்ஷன்தான். லிப்எஸ்எஸ்எல்3 பேர் மாறுச்சு.

கீபோர்டுகிளி: இதோட மூணாவது தடவை.

பட்டறை: பதில் வர்ற வரைக்கும் கேட்பேன். லிப்எஸ்எஸ்எல்3 மேல கிடக்குற பக்கை யார் நகர்த்துவா? நீங்களா?

கீபோர்டுகிளி: மெயின்டெய்னர் வேலை அது. நான் இப்ப லொக்கேல்ஸ் மேல ஒண்ணு போடப்போறேன், பைனரி பேர்லயே.