முதல் வெளியூர்ச் சுற்று: மைக்கில் ஷாக், ஜெனரேட்டரில் ஹம், பயண வரிசை – உதவி தேவை

பசுமலை பேஸ்

வணக்கம். நாங்கள் மதுரையில் ஒரு புது பேண்ட். பாட்டு, கிட்டார், பேஸ், கீபோர்டு, டிரம்ஸ், பறை என்று ஆறு பேர். பாடுவது என் சித்தி மகள். பெரும்பாலும் சொந்தப் பாட்டு, நடுவில் ஒன்றிரண்டு சினிமாப் பாட்டு. இதுவரை மதுரை, மேலூர், திருமங்கலம் வட்டாரத்தைத் தாண்டியதில்லை. மாசி மாதம் முதல் தடவையாக வெளியூர் போகிறோம். வெள்ளி திருச்சி (கல்லூரி), சனி நாகர்கோவில் (ஓர் அமைப்பின் அரங்கம்), ஞாயிறு தஞ்சாவூர் (கஃபே), செவ்வாய் திருநெல்வேலி (கல்லூரி மைதானம்). நிகழ்ச்சி முடிந்ததும் ராத்திரியே கிளம்பினால் விடிய அடுத்த ஊர் வந்துவிடும், லாட்ஜ் செலவு மிச்சம் என்பது திட்டம்.

பெரிய சந்தேகம் சவுண்டு பற்றி. மேலூர் பக்கம் ஒரு விழாவில் ஜெனரேட்டரில் ஓடியபோது கிட்டாரிலும் கீபோர்டிலும் 'ங்ங்ங்' என்று ஹம் இரைச்சல் நிற்கவே இல்லை. கிட்டார் கம்பியைத் தொட்டால் கொஞ்சம் குறையும். கிட்டார் வாசிப்பவன் கோரஸ் பாட மைக்கிட்டே போனபோது உதட்டில் சுரீரென்று அடித்தது. வீட்டில் ஈபி கரண்டில் எதுவும் இல்லை. என்ன வாங்கினால் சரியாகும்? வேன் பிடிப்பதில் எதைக் கவனிக்க வேண்டும்? வேறு எதை மறப்போம் என்றும் சொல்லுங்கள்.

கீழவாசல் சவுண்டு

தம்பி, ஹம்மை அப்புறம் பார்க்கலாம். உதட்டில் ஷாக் அடித்தது என்று நடுவில் ஒரு வரியாகச் சொல்லிவிட்டுப் போகிறாய், அதுதான் முதல் விஷயம். அதில் ஆள் போயிருக்கிறது.

சில கேள்வி. கிட்டார் ஆம்ப்புக்கு கரண்ட் எங்கிருந்து எடுத்தீர்கள், மிக்ஸருக்கு எங்கிருந்து? லேப்டாப் உண்டா? பிளக்கில் மூன்றாவது பின் இருக்கிறதா, உடைத்துவிட்டீர்களா? ஜெனரேட்டருக்கு மண்ணில் கம்பி அடித்திருந்தார்களா?

பசுமலை பேஸ்

அண்ணே, மிக்ஸர் மைக் செட்காரர் போர்டில். ஆம்ப்பும் கீபோர்டும் பந்தலில் டியூப்லைட்டுக்கு இழுத்திருந்த லைனில், இரண்டு பின் எக்ஸ்டென்ஷன் வழியாக. லேப்டாப் உண்டு, சில பாட்டுக்கு முன்பே பதிவு செய்த டிராக் அதில்தான் ஓடுகிறது, சார்ஜர் போட்டே இருக்கும். மண்ணில் கம்பி எதையும் பார்த்த ஞாபகம் இல்லை.

கீழவாசல் சவுண்டு

அப்போ விஷயம் தெளிவு. கிட்டார் கம்பி ஆம்ப்பின் எர்த்தோடு சேர்ந்தது. மைக்கின் வலைத்தலை மிக்ஸரின் எர்த்தோடு சேர்ந்தது. ஆம்ப் ஒரு லைன், மிக்ஸர் ஒரு லைன், அதில் ஒன்றுக்கு எர்த்தே இல்லை என்றால் இரண்டுக்கும் நடுவே வோல்ட் நிற்கும். கையில் கம்பி, உதட்டில் மைக் என்று நிற்கிறவன் உடம்பு வழியாகத்தான் அது கடக்கும். வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்றால் இன்னும் மோசம்.

செய்ய வேண்டியது இதுதான். மேடையில் உள்ள எல்லாக் கருவிக்கும் மிக்ஸருக்கும் ஒரே போர்டிலிருந்து மூன்று பின் லைன். லைட்டுக்கு வேறு லைன் இருக்கட்டும், அதில் நீங்கள் எதையும் சொருக வேண்டாம். ஜெனரேட்டர் என்றால் எர்த் கம்பி ஈர மண்ணில் இறங்கியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே விழுந்து லைனை வெட்டுகிற சுவிட்ச்) போட்ட ஒரு பெட்டியை எலக்ட்ரீஷியனிடம் சொல்லிச் செய்து சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். ஜெனரேட்டரில் நியூட்ரலும் எர்த்தும் சேர்த்திருக்கிறதா என்று அங்கே இருக்கும் எலக்ட்ரீஷியனிடம் கேட்க வேண்டும். சேர்க்கவில்லை என்றால் கசிவு வந்தாலும் அந்தப் பெட்டி விழாமல் போகலாம்.

ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். ஏசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையை மைக் வலையிலும் மற்றதைக் கிட்டார் கம்பியிலும் வைத்துப் பார். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். பத்து இருபது என்று ஏறினால் யாரும் மேடை ஏறக் கூடாது. டெஸ்டர் ஸ்குரூடிரைவரை நம்பாதே, அது லேப்டாப் சார்ஜரின் சின்னக் கசிவுக்கும் மினுங்கும், ஆளைக் கொல்கிற லைனுக்கும் அதே மாதிரிதான் மினுங்கும்.

இனி ஹம். கம்பியைத் தொட்டால் குறைவது கிட்டார் பிக்கப் (கம்பிக்குக் கீழே சத்தத்தை எடுக்கிற காந்தச் சுருள்) வாங்கும் இரைச்சல், பயப்பட ஒன்றுமில்லை. டியூப்லைட் லைனிலிருந்தும் டிம்மரிலிருந்தும் தள்ளி நின்றாலே பாதி போகும். கீபோர்டு, லேப்டாப் பக்கம் வருவதுதான் எர்த் லூப், அதாவது இரண்டு கருவியின் எர்த் இரண்டு வழியாகச் சேர்ந்து வளையமாகி இரைவது. லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பார். சட்டென்று நின்றால் ஆள் அகப்பட்டான். நிகழ்ச்சியில் பேட்டரியில் ஓட்டு, அல்லது டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டி.ஐ. பாக்ஸ் (கருவியை மிக்ஸரோடு இணைக்கிற சின்னப் பெட்டி) வழியாக விட்டு அதில் ஆடியோ கேபிளின் எர்த்தை மட்டும் பிரிக்கிற கிரவுண்ட் லிஃப்ட் பட்டனைப் போடு. ஹம்மை நிறுத்த மூன்றாவது பின்னை உடைக்கிறவர்கள் நம்ம ஊரில் நிறைய. ஹம் நிற்கும், வாஸ்தவம். அடுத்து வேறு ஏதாவதும் நிற்கும்.

ஒத்தக்கடை டிரைவர்

சவுண்டு அண்ணன் மைக்கைப் பார்த்துப் பயந்தார், எனக்குப் பயம் உங்கள் வரிசையைப் பார்த்து. திருச்சியில் ராத்திரி முடித்து நாகர்கோவில் ஏறக்குறைய 375 கிலோமீட்டர், மதுரையைத் தாண்டித்தான் போக வேண்டும். மறுநாள் அங்கிருந்து தஞ்சாவூர் 400-க்கு மேல், மறுபடி மதுரையைத் தாண்டி. அப்புறம் திரும்பவும் தெற்கே திருநெல்வேலி. ஐந்து நாளில் நாலு வழிச் சாலைக்கு டோல் கட்டவே பாதிப் பணம் போகும்.

அதை விடுங்கள். விடியற்காலை இரண்டிலிருந்து ஐந்து வரை எந்த டிரைவருக்கும் கண் சொக்கும். பின்னால் ஆறு பேரும் தூங்கிக்கொண்டிருப்பீர்கள், அவரோடு பேச்சுக் கொடுக்க ஆள் இருக்காது. லாட்ஜ் செலவை மிச்சம் பிடிக்கிற இடம் இதுவல்ல. டிரைவருக்கு ஃபேன் உள்ள ஒரு படுக்கை கொடுங்கள். 'வண்டியிலேயே படுத்துக்குவார்' என்று சொல்கிற கோஷ்டிக்கு நான் வண்டி விடுவதில்லை.

திருச்சி, தஞ்சாவூர் இரண்டையும் அடுத்தடுத்து வையுங்கள், நடுவே 60 கிலோமீட்டர்தான். பிறகு மதுரை வந்து வீட்டில் தூங்குங்கள். அப்புறம் திருநெல்வேலி, 160 கிலோமீட்டர். அங்கிருந்து நாகர்கோவில் 80. தேதியை மாற்ற முடியாது என்று முதலில் எல்லோரும் சொல்வார்கள், கேட்டுப் பார்த்தால் பாதிப் பேர் மாற்றித் தருவார்கள்.

வண்டி மஞ்சள் போர்டாக இருக்கட்டும். தெரிந்தவர் வெள்ளை போர்டு வேன் குறைந்த வாடகைக்குக் கொடுக்கிறார் என்று போகாதீர்கள், ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும். டெம்போ டிராவலர் எடுத்துக் கடைசி சீட்டைக் கழற்றச் சொல்லுங்கள், டிரம்ஸும் ஆம்ப்பும் அங்கே. மேல் கேரியரில் டிரம்ஸ் ஸ்டாண்டு, துணிப்பை மட்டும், தார்ப்பாய் போட்டு. ஒரு நாளுக்குக் குறைந்தபட்ச கிலோமீட்டர் எத்தனை, டிரைவர் பேட்டா எவ்வளவு, டோலும் பார்க்கிங்கும் யார் பொறுப்பு என்று மூன்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். மத்தியானம் சாப்பிட நிறுத்தும்போது கிட்டாரை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுப் போகாதீர்கள், உள்ளே இருக்கும் சூட்டில் பசை இளகும்.

திருநகர் பாடகி

தங்கச்சிக்காக எழுதுகிறேன். கச்சேரிக்கு ஒப்புக்கொள்ளும்போதே மூன்று விஷயம் கேள்: உடை மாற்ற கதவு பூட்டுகிற ஓர் அறை, மேடைக்குப் பக்கத்தில் பாத்ரூம், தங்க அவளுக்குத் தனி அறை. பையன்கள் இதைக் கேட்கவே மாட்டார்கள், அங்கே போன பிறகு ஏற்பாட்டாளர்கள் 'பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கோம்' என்பார்கள். அம்மாவோ சித்தியோ ஒருவர் கூட வந்தால் வீட்டிலும் நிம்மதி, உங்கள் கணக்கு வழக்கையும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நிஜமாகவே நன்றாகப் பார்ப்பார்கள்.

சாப்பாடு இன்னொன்று. நம்ம ஊரில் நடுராத்திரியில் இட்லி கிடைத்துப் பழகிவிட்டது. எல்லா ஊரிலும் அப்படி இல்லை, பத்தரைக்கு மேல் ஷட்டர்தான். ஆறு மணிக்கு ஏதாவது லேசாகச் சாப்பிட வையுங்கள், ராத்திரிக்குப் பார்சல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மானிட்டரில் (பாடுகிறவர் பக்கம் திருப்பி வைக்கிற ஸ்பீக்கர்) தன் குரல் கேட்கவில்லை என்று கத்திப் பாடினால் இரண்டாவது ஊரிலேயே தொண்டை கட்டும். சவுண்டு செக்கில் முதலில் அவள் மானிட்டர், அப்புறம்தான் டிரம்ஸ்.

விழாக்கமிட்டி

நான் எதிர்ப்பக்கத்து ஆள், ஏற்பாடு செய்கிறவன். திறந்தவெளி என்றால் ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது, 2000-ஆம் வருட ஒலி மாசு விதி. மூடிய அரங்குக்கு விதிவிலக்கு உண்டு. திருநெல்வேலி மைதானத்துக்குக் காவல் நிலைய அனுமதி வாங்கியாயிற்றா என்று கேட்டு அதன் போட்டோவை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்கு ஆள் வந்தால் மேடையில் நிற்பது நீங்கள்தான்.

அதைவிட முக்கியம்: ஏழு மணி என்று போட்டிருந்தால் எட்டேகாலுக்குத்தான் உங்களிடம் மைக் வரும். வரவேற்புரை, முன்னிலை, வாழ்த்துரை, பொன்னாடை எல்லாம் முடிய வேண்டாமா? ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு பட்டியல், நாற்பது நிமிடத்துக்கு ஒரு பட்டியல் என்று இரண்டும் தயாராக வையுங்கள். மேடையில் நின்று எதை வெட்டுவது என்று குசுகுசுத்தால் கூட்டம் எழுந்துவிடும்.

சினிமாப் பாட்டுக்கு ஐ.பி.ஆர்.எஸ். (பாட்டு எழுதியவர், இசையமைத்தவர் உரிமைத் தொகையை வசூலிக்கிற சங்கம்) உரிமம் யார் வாங்குகிறார்கள் என்றும் கேளுங்கள். அது ஏற்பாட்டாளர் வேலை.

மேலமாசி கிட்டார்

பணம் பற்றி யாரும் பேசவில்லையே! பாதி அட்வான்ஸ், மீதி மேடை ஏறும் முன்னால். 'முடிஞ்சதும் தர்றோம்' என்ற ஓர் இடத்தில் முடிந்ததும் பொறுப்பாளர் செல்போன் அணைந்துவிட்டது, எங்களுக்கு வர வேண்டியது இன்னும் வரவில்லை.

விழாக்கமிட்டி

கோயில் விழா, சங்க விழாவுக்கு அது சரி. கல்லூரியில் அப்படிக் கேட்டால் ஒரு பேராசிரியர் தன் சட்டைப்பையிலிருந்து போட வேண்டியிருக்கும். அங்கே பில் கொடுத்து, கையெழுத்தாகி, வங்கிக்கு வர நாள் ஆகும். வேன் வாடகையும் சாப்பாட்டுச் செலவும் வருகிற அளவுக்கு அட்வான்ஸ் வாங்கிவிட்டு மீதிக்குக் காத்திருப்பதுதான் நடக்கிற காரியம். யார் பெயரில் பணம் வர வேண்டும் என்று இப்போதே முடிவு செய்யுங்கள், ஆறு பேரும் ஆறு அக்கவுண்ட் நம்பர் கொடுக்காதீர்கள்.

பறை வாசிக்கிறவன்

மாசிப் பனி பற்றி யாராவது சொல்வார்கள் என்று பார்த்தேன். திறந்த மைதானத்தில் எட்டு மணிக்கு மேல் தோல் தளர ஆரம்பிக்கும். காய்ச்சி எடுத்து வந்து முதல் பாட்டில் கணீரென்று நிற்கும், மூன்றாவது பாட்டில் தொம்மென்று விழும். கல்லூரிக்குள் வைக்கோல் கொளுத்த விட மாட்டார்கள். மேடைக்குப் பின்னால் ஒரு ஹாலஜன் விளக்கு கேளுங்கள். தோலை ஓரடிக்கு மேல் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் சுற்றிக்கொண்டே காட்ட வேண்டும். உள்ளங்கையை அடிக்கடி தோலில் வைத்துப் பாருங்கள், கை பொறுக்கிற சூடு வந்தால் போதும். அதற்கு மேல் போனால் ஓரத்தில் கிழியும். இரண்டு பறை கொண்டுபோய் ஒன்று வாசிக்கும்போது ஒன்று காயட்டும், கூட ஃபைபர் பறை ஒன்றும் இருக்கட்டும். சத்தம் எனக்குப் பிடிக்காது, ஆனால் பனிக்கு அது மசியாது. நீளமான சிம்புக்குச்சி சட்டென்று முறியும், கட்டாக எடுத்துப் போங்கள்.

அப்புறம், பறைக்கு மைக்கை நடுவில் நெருக்கி வைக்கச் சொல்லாதீர்கள். ஒரு முழம் தள்ளி, பக்கவாட்டில்.

பசுமலை பேஸ்

எல்லோருக்கும் நன்றி. தஞ்சாவூர் கஃபேகாரர் சனிக்கிழமைக்கு ஒப்புக்கொண்டார். நாகர்கோவிலில் புதன்கிழமை மாலை தருகிறார்கள், திருநெல்வேலியிலிருந்து காலையில் கிளம்பினால் போதும். ராத்திரிப் பயணம் எதுவும் இல்லை. சித்தி கூட வருகிறார், பணப்பை அவரிடம்.

நேற்று மைக் செட்காரர் கடையில் ஜெனரேட்டர் போட்டுப் பார்த்தோம். லேப்டாப் சார்ஜரைக் கழற்றியதும் கீபோர்டு இரைச்சல் நின்றது. அன்று பந்தலில் போட்ட மாதிரியே வேறு லைனில் இரண்டு பின்னில் ஆம்ப்பைப் போட்டு, யாரும் தொடாமல் மீட்டர் வைத்தோம்: மைக்குக்கும் கம்பிக்கும் நடுவே 80-க்கு மேல். ஒரே போர்டு, மூன்று பின் என்று மாற்றியதும் ஒன்றுக்கும் கீழே. கிட்டார்காரன் அதைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை.

ஆர்.சி.சி.பி. பெட்டி செய்யக் கொடுத்தாயிற்று. அதில் டெஸ்ட் பட்டன் இருக்கிறதே, அதை அழுத்தி விழுந்தால் எர்த் சரி என்று வைத்துக்கொள்ளலாமா அண்ணே?

கீழவாசல் சவுண்டு

வைத்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பட்டன் பெட்டி வேலை செய்கிறதா என்று மட்டும்தான் சொல்லும், எர்த்தே இல்லாத இடத்திலும் அழுத்தினால் விழும். எர்த்துக்கு மீட்டர்தான். ஒவ்வொரு ஊரிலும் வண்டியிலிருந்து இறக்கியதும் முதல் வேலையாக பட்டனை அழுத்து, விழவில்லை என்றால் பெட்டியை ஓரம் வை. விழுந்தால் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் மீட்டர் வை, 230 பக்கத்தில் நிற்க வேண்டும். அது வந்த பிறகு கேபிளைப் பிரியுங்கள்.