ஷீட் என்ன, பெட்ஷீட் என்ன: புகாரியின் ஹதீஸ் எண்ணிக்கையும் ஒரு சீஆர் கொப்பியும்

கிதாபுப்பூச்சி (தெஹிவளை):
நேற்று இங்கே மருதானை நானா எழுதிய ஒரு வரி ராத்திரி முழுக்கத் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. "கிதாபு எல்லார் வீட்டு அலமாரியிலும் இருக்கிறது. அதுதான் டேட்டா. இதற்கு மேல் ஆய்வாளர் எதைப் பகிர வேண்டும்?" என்கிறார்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். போன சனிக்கிழமை கொழும்பில் ஒரு கருத்தரங்கு. பேசியவர் நபிமொழித் தொகுப்பான ஸஹீஹுல் புகாரியிலுள்ள 7275 ஹதீஸ்களையும் கம்பியூட்டரில் போட்டு, வணக்கம் இவ்வளவு, கொடுக்கல் வாங்கல் இவ்வளவு என்று வட்டப்படம் காட்டினார். பலூடா மாதிரி கலர் கலராக இருந்தது. கேள்வி நேரத்தில் எழுந்து கேட்டேன்: எந்தப் பதிப்பு? ஒரே ஹதீஸ் இரண்டு தலைப்புக்குப் பொருந்தினால் எங்கே போட்டீர்கள்? அந்த எக்செல் ஷீட்டைத் தருவீர்களா? "அது என் மூன்று வருட உழைப்பு, தங்கச்சி" என்றார். சபை சிரித்தது. உழைத்தால் யாரும் சரிபார்க்கக் கூடாதா? கிதாபு என் அலமாரியிலும்தான் இருக்கிறது. அவர் அதை எப்படிப் பிரித்தார் என்பது என் அலமாரியில் இல்லையே.

மருதானை நானா:
வஅலைக்கும் ஸலாம். ஸலாம் சொல்லாமலே தொடங்கிவிட்டீர்கள், பரவாயில்லை.
மகள், 7275 அந்த மனிதரின் வீட்டுக் கணக்கில்லை. ஹதீஸ் கலை அறிஞர் இமாம் இப்னுஸ் ஸலாஹ் சொன்னது. திரும்ப வருபவற்றோடு 7275, அவற்றை விட்டால் 4000. அவர் வபாத்தானது ஹிஜ்ரி 643. அன்றிலிருந்து உலமாக்கள் சொல்லி வரும் கணக்குக்கு ஷீட் என்ன, பெட்ஷீட் என்ன!

கணக்கு வாத்தி (கொம்பனித்தெரு):
நானா, என் போனிலுள்ள புகாரியில் கடைசி ஹதீதுக்கு எண் 7563. நாவுக்கு இலேசான, தராசில் கனமான இரண்டு வார்த்தைகள் பற்றிய ஹதீது. 7563 கழித்தல் 7275, மீதி 288. அந்த 288ம் எங்கே?

மருதானை நானா:
போனில் தீன் படிப்பவருக்குப் போன் கணக்குத்தான் வரும். 7275. அப்புறம் அது ஹதீது அல்ல, ஹதீஸ்.

கணக்கு வாத்தி:
என் உம்மும்மா ஹதீது என்றுதான் சொன்னார். அவர் ஓதின அளவு நீங்கள் ஓதவில்லை. 288 எங்கே?

கிதாபுப்பூச்சி:
இரண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கள். 7563 என்பது போன நூற்றாண்டில் எகிப்தின் முஹம்மது புஆத் அப்துல் பாகி போட்ட தொடர் எண். அவர் எண்ணிய முறை வேறு, இப்னுஸ் ஸலாஹ் சொன்ன கணக்கின் முறை வேறு. எதை ஒரு ஹதீஸ் என்று எண்ணுகிறோம் என்பதுதான் கேள்வி. ஸனதின், அதாவது அறிவிப்பாளர் வரிசையின், தொடக்கத்தை விட்டு வரும் முஅல்லக்கைச் சேர்ப்பதா? இன்னொரு வழியாக வருவதைத் தனியாக எண்ணுவதா?

புகாரிக்கு விளக்கவுரை எழுதிய இமாம் இப்னு ஹஜர் என்ன செய்தார் தெரியுமா? அவருக்கு முன்பிருந்தவர்கள் பாடம் பாடமாக எண்ணிக்கையை எழுதி வைத்திருந்தார்கள். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி எண்ணினார். இந்தப் பாடத்தில் கூடுகிறது, இந்தப் பாடத்தில் குறைகிறது என்று அந்த விளக்கவுரையான பத்ஹுல் பாரியின் முன்னுரையில் எழுதியே வைத்தார். அவருக்கு வந்தது 7397, முஅல்லக்கும், துணைக்கு வரும் வேறு வழிகளான முதாபஆத்தும் சேராமல். பழைய கணக்கைவிட 122 கூட. திரும்ப வருபவற்றை விட்டால் 2602. பட்டியல் பகிரப்பட்டிருந்ததால்தான் அவரால் திருத்த முடிந்தது. நான் சனிக்கிழமை கேட்டதும் அந்தப் பட்டியலைத்தான்.

மருதானை நானா:
ஆக, இப்னுஸ் ஸலாஹ் பிழை என்கிறீர்கள்.

கிதாபுப்பூச்சி:
அப்படி எங்கே சொன்னேன்?

மருதானை நானா:
7275 இல்லை என்றால் பிழை என்றுதானே அர்த்தம். தெஹிவளையில் உட்கார்ந்து இமாம்களைத் திருத்தும் காலம் வந்துவிட்டது.

கணக்கு வாத்தி:
திருத்தியது இப்னு ஹஜர், தெஹிவளை இல்லை. நானா, புதுக் கணக்கு ஒன்று: 4000க்கும் 2602க்கும் நடுவில் 1398. இதையும் 288ஓடு சேர்த்துத் தேடுங்கள்.

சுவடிப்பெட்டி (காலி, இப்போது வெள்ளவத்தை):
எண்ணிக்கைச் சண்டை உங்களுக்கு. எனக்கு வேறு ஒரு எரிச்சல். எங்கள் காலி வீட்டில் மூத்தம்மாவின் தகரப் பெட்டி ஒன்று உண்டு. உள்ளே வேப்பிலைச் சருகு, அதன் கீழே அரபுத்தமிழ்க் கையெழுத்துக் கிதாபுகள். ட, ண, ழ எழுத வேண்டுமே என்று அரபு எழுத்தில் புள்ளி கூட்டி எழுதியவை. சில தாளில் மை அரித்து, எழுத்து இருந்த இடத்தில் ஓட்டைதான் இருக்கிறது. தாளை வெளிச்சத்துக்குப் பிடித்தால் ஓட்டையை வைத்தே வாசிக்கலாம்.

ஒரு ஆய்வாளர் வந்தார். மூன்று நாள் முன்விறாந்தையில் இருந்து படம் எடுத்தார். உம்மா மூன்று நாளும் பகல் சோறு கொடுத்தார். "படமெல்லாம் சிடியில் போட்டு அனுப்புகிறேன், சாச்சி" என்று சொல்லிப் போனவர்தான். பிறகு அவருடைய கட்டுரை கண்ணில் பட்டது. அடிக்குறிப்பில் "தனியார் சேகரிப்பு, காலி" என்று மட்டும் இருக்கிறது. அந்தத் தனியார் நாங்கள். இடையில் ஒரு மழையில் பெட்டிக்குள் தண்ணீர் போனது. இப்போது அந்தப் பக்கங்கள் அவர் கம்பியூட்டரில் மட்டும்தான் முழுசாக இருக்கின்றன.

மருதானை நானா:
காலிக்காரர்கள் கிதாபைப் பெட்டியில் பூட்டி வைப்பவர்கள் என்று என் வாப்பா சொல்வார். அன்றே ஒரு மத்ரஸாவுக்குக் கொடுத்திருந்தால் நனைந்திருக்காது.

சுவடிப்பெட்டி:
கொழும்புக்காரர்கள் கிதாபைப் பழைய பேப்பர்காரனுக்கு எடைக்குப் போட்டதையும் உங்கள் வாப்பா சொன்னாரா?

ராமகிருஷ்ணா றோட்டுக்காரன்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். சுவடிப்பெட்டி அக்கா, நூலகம் தளத்தில் பேசிப் பாருங்கள். 2005இலிருந்து ஈழத்து நூல்கள், பத்திரிகைகள், சுவடிகள் என்று ஸ்கேன் செய்து எல்லாரும் பார்க்கும்படி வைக்கிறார்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. இரண்டாவது பிரதி இல்லாதது திரும்பவே இல்லை. எங்களுக்கு அந்தப் பயம் எலும்பில் இருக்கிறது.

மருதானை நானா:
தம்பி, உங்கள் ஆட்கள் எங்களைப் பற்றிச் சேர்த்த டேட்டா எங்களுக்குத் தெரியும். 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் கட்டுரை படித்து, இலங்கை முஸ்லிம்களான சோனகர் எல்லாரும் மதம் மாறிய தமிழர் என்றார். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் புத்தகமே போட்டு மறுத்தார்.

ராமகிருஷ்ணா றோட்டுக்காரன்:
ஐயா, நான் ஸ்கேன் பற்றிச் சொன்னேன். இராமநாதன் எனக்குச் சொந்தமும் இல்லை.

கணக்கு வாத்தி:
1888க்கு 1907இல் பதில். 19 வருடம். 288க்கும் அந்த வேகத்தில்தான் பதில் வருமா, நானா?

கிதாபுப்பூச்சி:
பதுக்குவது நம்ம ஊர் வியாதி மட்டுமில்லை. ஜெர்மனியில் பெர்க்ஷ்ட்ரேஸர் என்பவர் பழைய குர்ஆன் பிரதிகளைப் படம் பிடித்துச் சேர்த்தார், சுமார் 450 பிலிம் சுருள். 1933இல் மலையேறப் போன இடத்தில் இறந்துவிட்டார். பிறகு அவை ஸ்பிட்டாலர் என்ற பேராசிரியரிடம் வந்தன. 1944 ம்யூனிக் குண்டுவீச்சில் எல்லாம் எரிந்தது என்று அவர் சொல்லி வந்தார். பல பத்தாண்டு கழித்துப் பார்த்தால் சுருள்கள் அவரிடமே பத்திரமாக இருந்திருக்கின்றன.

இப்போது ஓபன் ஐடிஐ என்று ஒரு திட்டம். ஆயிரக்கணக்கான அரபுக் கிதாபுகளை பைலாக்கி, பதிப்பு எண் போட்டு வெளியே வைக்கிறார்கள். பைலின் பெயர் ஆசிரியர் வபாத்தான ஹிஜ்ரி ஆண்டில் தொடங்கும், புகாரிக்கு 0256. எந்தப் பதிப்பு பைலை வைத்து எண்ணினேன் என்று ஒரு வரி எழுதினால் போதும், ஜகார்த்தாவில் இருப்பவரும் அதையே எண்ணிப் பார்க்கலாம். நம்ம கருத்தரங்கு மனிதர் அந்த ஒரு வரியைக்கூடத் தரவில்லை.

மருதானை நானா:
பொய் சொன்னது வெள்ளைக்காரன், புத்தி எங்களுக்கா? இணையத்தில் போட்டால் நிலைக்குமா? 2023 ஒக்டோபரில் பிரித்தானிய நூலகத்துக்குள்ளேயே திருடன் புகுந்து கம்பியூட்டரை முடக்கவில்லையா? நம்ம மலாய்க்காரர்களின் கையெழுத்துக் கிதாபுப் படங்களும் அங்கேதான் இருந்தன. மாதக்கணக்காகத் திறக்க முடியவில்லை. எங்களுக்கு ஸனத் இருக்கிறது. யாரிடம் கேட்டார், அவர் யாரிடம் கேட்டார் என்று ஆள் ஆளாகச் சொல்லும் உம்மத் இது. எங்களுக்கு டேட்டா பாடம் எடுக்க வேண்டாம்.

கிதாபுப்பூச்சி:
அந்த உம்மத்தின் ஆள்தான் "என் உழைப்பு" என்று ஷீட்டை மூடினார். அவருடைய ஸனத் எங்கே? ஒரு இடத்தில் போட்டது போனால் நாலு இடத்தில் போடுவது, அவ்வளவுதான். புகாரியே பல மாணவர்கள் வழியாக வந்தது. பிரப்ரியின் அறிவிப்பைவிட ஹம்மாத் இப்னு ஷாகிரின் அறிவிப்பில் 200 குறைவு என்று பழைய உலமாக்கள் குறித்திருக்கிறார்கள். அவர்கள் மறைக்கவில்லை, நானா.

மருதானை நானா:
200, 122, 288, 1398. லொத்தர் சீட்டு நம்பர் மாதிரி அடுக்குகிறீர்கள். சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஒரு நோன்பு மாதம் முழுக்க, தராவீஹ் முடிந்து வந்து, ஸஹர் வரைக்கும் நானே உட்கார்ந்து புகாரியை எண்ணினேன். சீஆர் கொப்பியில், அந்தப் பெரிய நோட்டில், ஐந்தைந்து கோடாகப் போட்டேன். எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கணக்கு வாத்தி:
எத்தனை வந்தது?

மருதானை நானா:
7275.

கணக்கு வாத்தி:
சரியாகவா?

மருதானை நானா:
கிட்டத்தட்ட.

கிதாபுப்பூச்சி:
நானா, அந்தக் கொப்பியைப் படம் எடுத்துப் போடுங்களேன். உண்மையாகவே கேட்கிறேன். எந்தப் பதிப்பு, முஅல்லக்கைச் சேர்த்தீர்களா என்று பார்க்கலாம்.

மருதானை நானா:
ஏன் போட வேண்டும்? நாலு பேர் பிழை பிடிக்கவா? கண் எரிய எரிய எண்ணியது நான்.

சுவடிப்பெட்டி:
சனிக்கிழமை பேசியவர் உங்களுக்குச் சொந்தமா, நானா?

மருதானை நானா:
காலிக்கார நையாண்டி.

ராமகிருஷ்ணா றோட்டுக்காரன்:
கொப்பியை ஸ்கேன் செய்ய வேண்டுமென்றால் எங்கள் கடையில் இலவசமாகச் செய்து தருகிறேன், ஐயா.

மருதானை நானா:
1888ஐ முதலில் ஸ்கேன் செய்யுங்கள்.

(மறுநாள் காலை)

மருதானை நானா:
ஸுபஹ் தொழுதுவிட்டுக் கொப்பியைத் தேடி எடுத்தேன். அட்டையைப் படம் போட்டிருக்கிறேன், இருக்கிறது என்று எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே பார்க்க வேண்டியவர்கள் அஸருக்குப் பிறகு வீட்டுக்கு வரலாம். தேத்தண்ணி உண்டு. போனை வாசலில் வைத்துவிட்டு வரவும்.

கணக்கு வாத்தி:
அட்டையில் "விஞ்ஞானம், தரம் 9" என்றல்லவா இருக்கிறது?

மருதானை நானா:
மகளின் பழைய கொப்பி. பின்பக்கத்திலிருந்து எழுதினேன். 7275.