மேக் அண்ட் சீஸ் கடை: என்ன ஆர்டர் பண்றது? குடியாத்தம் வரை பார்சல் தாங்குமா?

குடியாத்தம்_வாசி:
காட்பாடியில் விஐடி பக்கம் மேக் அண்ட் சீஸ் (வெந்த மக்ரோனியில் சீஸ் சாஸ் கலந்தது) மட்டுமே போடுற ஒரு கடைக்கு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோட போறோம். நாலு பேர். அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது. மெனுவில் ஸ்டவ்டாப் (அடுப்பிலேயே கிளறி எடுக்கிறது), பேக்டு (ஓவன்ல சுடுறது), த்ரீ சீஸ், பெரி பெரி (காரப் பொடி), பன்னீர் டிக்கான்னு நீளமா போகுது. எதை எடுக்கலாம்? ஆளுக்கு ஒரு கிண்ணம் வேணுமா? வீட்டுக்கு ஒரு பார்சல் வாங்கினா ஒரு மணி நேரப் பயணத்துக்குத் தாங்குமா? எல்லாம் ஒரே கட்டியா ஆயிடும்னு சொல்றாங்க, ஏன் அப்படி?

சத்துவாச்சாரி_அடுப்படி:
முதல் தடவைன்னா ஸ்டவ்டாப் எடுங்க. கடையோட கைப்பக்குவம் அதில்தான் தெரியும். பேக்டுல மேலே தூவுற ரொட்டித்தூள் பாதி குறையை மறைச்சிடும்.

ஒரு தட்டுக்கு ஏறக்குறைய இதுதான் கணக்கு: காய்ந்த மக்ரோனி 75 கிராம் (வெந்தா 160-170 வரும்), பால் 150 மில்லி, வெண்ணெய் 8 கிராம், மைதா 8 கிராம், சீஸ் 60 கிராம். அமுல் க்யூப் ஒண்ணு 25 கிராம். அப்போ ஒரு தட்டுல ரெண்டரை க்யூப் இறங்குது. நாலு பேருக்கு மூணு கிண்ணம் தாராளம். நாலாவது கிண்ணம் மீந்துதான் போகும்.

தட்டு வந்ததும் ஓரத்தைப் பாருங்க. மஞ்சளா எண்ணெய் வளையம் கட்டியிருந்தா சாஸ் உடைஞ்சிருக்கு. கொதிக்கிற வெள்ளை சாஸில் (வெண்ணெய், மைதா, பால் சேர்த்துக் காய்ச்சினது) சீஸைக் கொட்டினா புரதம் இறுகி, கொழுப்பு தனியா பிரிஞ்சிடும். நாக்கில் மணல் மணலா படும். அடுப்பை அணைச்சு, ஒரு நிமிஷம் விட்டு, துருவின சீஸைக் கொஞ்சம் கொஞ்சமா போட்டுக் கிளறணும். நாள்பட்ட செடார் சீஸ்னா இன்னும் சீக்கிரம் உடையும். அதனாலதான் பல கடைகள்ல பாதிக்குப் பாதி ப்ராசஸ்டு சீஸ் கலக்குறாங்க. அதில் பிரியாம பிடிச்சு வைக்கிற உப்புகள் ஏற்கெனவே இருக்கு. பாக்கெட்டில் 331, 339னு எண் போட்டிருக்கும். இது ஏமாத்து வேலை இல்லை. மணத்துக்கு செடார், வழவழப்புக்கு ப்ராசஸ்டு.

ஏமாத்து வேலை வேற இருக்கு: பால் கொழுப்புக்குப் பதிலா தாவர எண்ணெயில் செய்யுற 'அனலாக்'. ஆறினதும் மெழுகு மாதிரி அண்ணத்தில் ஒட்டும். சந்தேகம் இருந்தா பாக்கெட்டைக் காட்டச் சொல்லுங்க, தப்பில்லை. நிறத்தை வெச்சு மட்டும் முடிவு பண்ணாதீங்க. அடர் மஞ்சள் வர்றது அனாட்டோ (160பி) சாயத்தால. சீஸ் எவ்வளவு இருக்குன்னு அது சொல்லாது.

மக்ரோனியை முன்கூட்டியே வேகவெச்சு ஃப்ரிட்ஜில் வைக்கிறது பல கடைகள்ல வழக்கம். பாக்கெட்டில் போட்ட நேரத்துக்கு 2 நிமிஷம் முன்னாடி இறக்கினா அது சரிதான். கரண்டி பட்டதும் குழைஞ்சா முழுசா வேகவெச்சுட்டாங்கன்னு அர்த்தம்.

பாலாற்றங்கரை:
பேக்டை இப்படி ஓரங்கட்டுறது எனக்கு ஒப்பில்லை. மேலே மொறுமொறுன்னு, உள்ளே தளதளன்னு ரெண்டும் ஒரே கரண்டியில் வர்றது அதில் மட்டும்தான். ஆனா நேரத்தைக் கவனிங்க: 200-220 டிகிரி அடுப்பில் 12-15 நிமிஷம் ஆகணும். அஞ்சே நிமிஷத்தில் மேஜைக்கு வந்துட்டா, முன்னாடியே சுட்டதை மைக்ரோவேவில் சூடு காட்டியிருக்காங்க. 'த்ரீ சீஸ்'ல மொசரெல்லா (பீட்சாவில் இழுபடுற சீஸ்) தூக்கலா இருந்தா படம் எடுக்க இழை நல்லா வரும். ருசி வராது, ஆறினா ரப்பர்.

டாப்பிங்கில் பன்னீர் டிக்கா வேண்டாம். மசாலாத் தயிரோட புளிப்பும் நீரும் இறங்கி சாஸ் திரியும். காளான்னா நல்லா வதக்கி நீர் வத்தினதான்னு கேளுங்க. பெரி பெரி பொடியில் உப்பு உண்டு, சீஸிலும் உண்டு. தனியா கிண்ணத்தில் தரச் சொல்லித் தூவிக்கங்க.

பக்கத்தில் புளிப்பு ஒண்ணு கட்டாயம் வேணும். ஆம்பூர் பிரியாணிக்குக் கத்திரிக்காய் எதுக்கோ அதுக்குத்தான். வினிகர் வெங்காயம், இல்லேன்னா சர்க்கரை போடாத லெமன் சோடா. எலுமிச்சையை மட்டும் கிண்ணத்துக்குள்ள பிழியாதீங்க, சாஸ் திரிஞ்சிடும்.

பால்பண்ணை_ராணிப்பேட்டை:
அம்மாவுக்கான விஷயம். பாலை உறையவைக்கும் ரென்னெட் கன்றின் இரைப்பையிலிருந்தும் வரும், நுண்ணுயிரியிலிருந்தும் வரும். இத்தாலியின் அசல் பார்மிஜியானோ ரெஜ்ஜியானோ சீஸில் கன்று ரென்னெட்தான். அதன் விதியே அப்படி. எனவே த்ரீ சீஸில் மூன்றாவது எது என்று கேளுங்கள். பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் கவலை இல்லை.

வூஸ்டர்ஷயர் சாஸ் சேர்ப்பார்களா என்றும் கேட்க வேண்டும். பெரும்பாலும் அதில் நெத்திலி வகை மீன் இருக்கும். காய்ந்த மக்ரோனியில் பொதுவாக முட்டை இருக்காது. பொரித்த மக்ரோனி உருண்டையைத் தவிர்த்துவிடுங்கள்: மேல்மாவு ஒட்ட முட்டையில் முக்கும் வழக்கம் உண்டு, எண்ணெயும் சிக்கன் பொரித்ததாக இருக்கலாம்.

சத்துவாச்சாரி_அடுப்படி:
பார்சலை விட்டுட்டேன். கட்டியாகுறதுக்குக் காரணம், மக்ரோனி சாஸில் இருக்கிற ஈரத்தைக் குடிச்சுக்கிட்டே இருக்கும். ஆற ஆற மைதாவும் சீஸும் இறுகும். கலந்து 10 நிமிஷம் வரைதான் அதோட நல்ல நேரம். அதனால மக்ரோனி ஒரு டப்பா, சாஸ் வேற டப்பான்னு கேளுங்க. மக்ரோனி ஒரு நிமிஷம் குறைவா வெந்திருக்கட்டும், சாஸ் கொஞ்சம் தளர்வா இருக்கட்டும். ரொட்டித்தூள் காகிதத்தில் மடிச்சு. டப்பா மூடியை இறுக்கினா ஆவி நீராகி உள்ளேயே சொட்டும், ஓரமா கொஞ்சம் திறந்து வைங்க.

வீட்டில் சாஸை சின்னத் தீயில் 2 மேஜைக்கரண்டி பாலோட கிளறி, ஆவி பறந்ததும் மக்ரோனி போட்டு 2 நிமிஷம். கொதிக்க விட்டா மறுபடி எண்ணெய் பிரியும். ஏற்கெனவே கலந்த பார்சல்னா 250 கிராமுக்கு 3 மேஜைக்கரண்டி பால், மூடி போட்டு 4-5 நிமிஷம், நடுவில் ஒரு தடவை கிளறணும்.

வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல வேண்டாம். நம்ம வேலூர் மே மாச வெயில்னா ஒரு மணி நேரம்தான் கணக்கு. வெந்த மாவுப் பண்டத்தில் வளர்ற பாக்டீரியாவோட நச்சு, திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது.

குடியாத்தம்_வாசி:
அப்போ ரெண்டு ஸ்டவ்டாப், ஒரு பேக்டு. பார்சல் சாஸ் தனியா. பையனுக்குப் பால் குடிச்சா வயிறு உப்புசம் ஆகும், சீஸ் ஒத்துக்குது. அவன் சாப்பிடலாமா?

பால்பண்ணை_ராணிப்பேட்டை:
சீஸில் லாக்டோஸ் (பாலில் உள்ள சர்க்கரை) குறைவு. சாஸில் ஊற்றும் பாலில்தான் சிக்கல். 150 மில்லியில் சுமார் 7 கிராம் லாக்டோஸ் வரும். கால் கிண்ணம் கொடுத்துப் பாருங்கள். உப்புசம் இல்லாமல் தோல் தடிப்போ மூச்சிரைப்போ வருகிற பிள்ளை என்றால் அது பால் புரத அலர்ஜியாக இருக்கலாம். அப்படியானால் ஒரு கரண்டியும் கூடாது. முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.