புதுப்பிப்பு: காசிமேட்டில் சிகரெட்டை விடும் குழு

எங்கள் தெரு கேரம் கிளப்பில், சிகரெட்டை விட நினைப்பவர்களுக்கு ஒரு குழு தொடங்கினால் யாராவது வருவார்களா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். வந்தார்கள். பெரும்பாலும் விசைப்படகில் போகிறவர்கள், சில ஆட்டோ அண்ணன்கள், மனைவி விரட்டி அனுப்பிய ஒரு பெரியவர்.

அப்போது நீங்கள் பதிலில் சொன்ன 1800-11-2356 எண்ணில், அதாவது புகையிலையை விட உதவும் தேசிய உதவி எண்ணில், பேசினோம். சிகரெட் பாக்கெட்டிலேயே இருக்கும் எண்தான், யார் பார்த்தது! கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசுகிறார்கள். விடும் நாளைக் குறிக்கச் சொல்லி, அப்புறம் அவர்களே அழைத்து விசாரிக்கிறார்கள்.

சிகரெட் ஏக்கத்தைத் தணிக்க மெல்லும் நிகோடின் கம்மில்தான் தகராறு. சூயிங்கம் மாதிரி விடாமல் மென்றால் விக்கலும் நெஞ்செரிச்சலும் வரும். மெதுவாக மென்று, காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்க வேண்டும். அது அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். டீ குடித்துக் கால் மணி நேரமாவது கழித்துப் போட்டால்தான் நிகோடின் சரியாக ஏறும். டீயும் தம்முமாகவே பழகிய ஆட்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்!

படகுக்காரர்களுக்குக் கஷ்டம் வேறு. சுற்றி எல்லோரும் ஊதும்போது நடுக்கடலில் ஒருவர் மட்டும் எப்படி விடுவார்? நிறுத்திய முதல் சில நாட்கள்தான் உடம்பு அதிகம் படுத்தும். அதனால் ஏப்ரல் 15-இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விடலாம் என்றேன். 'கையில் காசும் இல்லை, வேலையும் இல்லை, அப்போதுதான் அதிகம் ஊதுவோம்' என்கிறார் ஒருவர். அதுவும் சரிதான். ஒரே படகில் போகிறவர்கள் ஒன்றாகச் சிகரெட்டை விட்டதை யாராவது பார்த்திருந்தால் சொல்லுங்கள்.