டியூர்க்ஹைமும் அந்த 16 மாதமும்

கடலோடி:
ஜெர்மன் உளவியலாளர் கார்ல்ஃபிரீட் டியூர்க்ஹைம் "ஜென் தேடி ஜப்பான் போன ஞானி" என்று மூங்கில் நேற்று உருகியிருக்கிறார். தேடலாவது ஒன்றாவது! 1938ல் அவரை அங்கே அனுப்பியது ஹிட்லரின் வெளியுறவு அமைச்சர் ரிப்பன்ட்ராப். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்கர்கள் டோக்கியோவின் சுகாமோ சிறையில் 16 மாதம் உட்கார வைத்தார்கள். அந்த வரி மட்டும் எங்கே போயிற்று?

மூங்கில்:
ஜப்பானியக் கல்வியின் ஆன்மிக அடித்தளத்தை ஆராயத்தான் போனார். அவருடைய அம்மா வழிப் பாட்டி யூதக் குடும்பத்தவர். ஜெர்மனியில் அவர் நிலையே ஆட்டம் கண்டிருந்தது. சிறைக்காலம் தனக்குப் பயன்பட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். அப்புறம் ஜெர்மனியின் பிளாக் ஃபாரஸ்ட் மலைப்பகுதியில், டோட்மோஸ்-ரூட்டேயில், உளவியலாளர் மரியா ஹிப்பியுஸோடு மையம் அமைத்து, உளசிகிச்சையில் ஜென் தியானத்தைச் சேர்த்தாரே, அது கணக்கில் வராதா?

கடலோடி:
யூதப் பாட்டி இருந்தும் நாஜிகளுக்குப் பிரசாரம் செய்தார் என்றால் இன்னும் கேவலம். 16 மாதம் எதற்காக? சும்மாவா பிடித்து வைப்பார்கள்?

சுப்பு:
வழக்கு நடந்து தண்டனை பெற்றவர் இல்லையே. விட்டுவிட்டார்கள்.

கடலோடி:
வக்கீல் வந்துவிட்டார். ஜென் வில்வித்தை பற்றிப் புத்தகம் எழுதிய ஜெர்மன்காரர் ஹெர்ரிகல் பற்றிய சண்டையிலும் இப்படித்தான். நாஜி கட்சியில் சேர்ந்த ஆளை "பாவம், வில்வித்தைப் பைத்தியம்" என்று மூடி மறைத்தீர்கள். எனக்கு மறக்கவில்லை.

வெண்பாப்பித்தன்:
ஜென்னே நம்ம காஞ்சிபுரத்துப் போதிதர்மர் கொடுத்தது. ஜெர்மன்காரனுக்காக ஏன் அடித்துக்கொள்கிறீர்கள்?

மூங்கில்:
காஞ்சிபுரம் பிற்காலக் கதை. 6ஆம் நூற்றாண்டுச் சீனக் குறிப்பு ஒன்று அவரைப் பாரசீகர் என்கிறது.

வெண்பாப்பித்தன்:
தமிழன் பெயர் வந்தால் மட்டும் சீனக் குறிப்பைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள்! ஜெர்மன்காரன் என்றால் அவன் சொன்னதே ஆதாரம்.

கடலோடி:
போதிதர்மர் சுகாமோவில் இருக்கவில்லை. நான் கேட்டது 16 மாதம்.

மூங்கில்:
அடிவயிற்றில், 'ஹரா'வில் ஊன்றி நிற்கச் சொன்னவர் அவர். உங்களுக்கு எல்லாம் தலையிலேயே கொதிக்கிறது. கொஞ்சம் கீழே இறக்குங்கள்.

கடலோடி:
என் வயிறு எனக்குத் தெரியும். ரிப்பன்ட்ராப் ஆளிடம் அதைக் கற்க வேண்டிய அவசியம் இல்லை.

சுப்பு:
சரி, "ரிப்பன்ட்ராப் ஆள்" என்பதற்கு முதலில்...

கடலோடி:
முதலில் 16 மாதம்!