மொன்டானாவில் டெஸ்டர் ஏன் தோற்றார்?

பொன்னி:
2024 நவம்பரில் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஜனநாயகக் கட்சிச் செனட்டர் (நாடாளுமன்ற மேலவை உறுப்பினர்) ஜான் டெஸ்டர் தோற்றார். "டிரம்ப் அலை அடித்தது, போய்விட்டார்" என்று எல்லோரும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு ஆறவில்லை. பிக் சாண்டி என்ற சிற்றூரில் செனட்டராக இருந்துகொண்டே சொந்த நிலத்தில் விவசாயம் செய்தவர். சிறுவயதில் இறைச்சி அரைக்கும் இயந்திரத்துக்கு இடக்கையின் மூன்று விரல்களைக் கொடுத்தவர். நச்சுப்புகையால் நோயுற்ற படைவீரர்களுக்குச் சிகிச்சை தரும் 2022ஆம் ஆண்டுச் சட்டத்துக்காக முன்னின்று பாடுபட்டவர். அவரை வீழ்த்திய, டிரம்பின் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த டிம் ஷீஹி 2014இல்தான் அந்த மாநிலத்தில் குடியேறினார். பதினெட்டு ஆண்டு உழைப்புக்கு மரியாதை இவ்வளவுதானா? ஆளைப் பார்க்காமல் கட்சியைப் பார்த்துவிட்டார்கள்.

கணக்குப்பிள்ளை:
ஆளைப் பார்த்ததால்தான் அவருக்கு 45.5 சதவீதம் கிடைத்தது. அதே நாளில் அதே மக்கள் அவர் கட்சியின் அதிபர் வேட்பாளர் கமலா ஹாரிஸுக்குக் கொடுத்தது 38.5. ஏழு புள்ளி கூடுதல். அந்த மரியாதை போதவில்லை, அவ்வளவுதான். டிரம்ப் அங்கே 20 புள்ளி முன்னிலையில் இருந்தார்.

இன்னொன்று. டெஸ்டரை வெல்ல முடியாத வீரராகக் காட்டுவது கட்டுக்கதை. 2006இல் சுமார் 3,500 ஓட்டில் வென்றார். அந்தத் தேர்தலில் லிபர்டேரியன் என்ற சிறிய மூன்றாம் கட்சியின் வேட்பாளர் வாங்கியது 10,000க்கு மேல். 2012இல் அவர் முன்னிலை நான்கு புள்ளிகூட இல்லை, லிபர்டேரியன் ஆறரை சதவீதம் பிரித்தார். பாதிக்கு மேல் ஓட்டு வாங்கியது 2018இல் மட்டும்தான், அதுவும் 50.3.

வழிப்போக்கன்:
லிபர்டேரியனுக்குப் போன ஓட்டெல்லாம் குடியரசுக் கட்சிக்கு விழவேண்டியது என்று உங்களுக்கு யார் சொன்னது? பலர் வீட்டிலேயே இருந்திருப்பார்கள். 2018ஐ ஒரு சொல்லில் தள்ளிவிட்டீர்கள். அந்த ஆண்டு டிரம்ப் நேரில் நான்கு முறை மொன்டானா வந்து டெஸ்டருக்கு எதிராகப் பேசினார். அப்படியும் டெஸ்டர் வென்றார்.

அதைவிட முக்கியமானது, மொன்டானா பிறவியிலேயே ஒருபக்கச் சாய்வுள்ள மாநிலம் அல்ல. 2005 முதல் 2021 தொடக்கம்வரை தொடர்ந்து ஜனநாயகக் கட்சி ஆளுநர்கள்தான். அதே கட்சியின் மாக்ஸ் பாக்கஸ் முப்பத்தைந்து ஆண்டு செனட்டில் இருந்தார். அதிபருக்கு ஒரு கட்சி, மற்ற பதவிகளுக்கு வேறு கட்சி என்று பிரித்துப் போடும் பழக்கம் அங்கே ஊறியிருந்தது. அது எங்கே போனது என்பதுதான் கேள்வி. 2024இல் அதே வாக்காளர்கள் கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியல் சட்டத்தில் சேர்க்க 58 சதவீதம் அளவுக்கு ஆதரித்தார்கள். கொள்கைக்கு ஓட்டு உண்டு, அந்தக் கொள்கையைப் பேசிய கட்சிக்கு இல்லை!

கணக்குப்பிள்ளை:
அதில் முரண்பாடே இல்லை. கருக்கலைப்புத் தீர்மானத்துக்கு ஓட்டுப் போட்டால் கருக்கலைப்பு உரிமை கிடைக்கும், வேறெதுவும் கூடவே வராது. டெஸ்டருக்குப் போட்டால் செனட்டின் பெரும்பான்மையும் சேர்ந்து போகும். ஜனநாயகக் கட்சி அணிக்கு 51, குடியரசுக் கட்சிக்கு 49 என்று அவை நின்றபோது அவருடைய ஒரு நாற்காலியே நீதிபதி நியமனம் முதல் எல்லாவற்றையும் புரட்டக்கூடியது. டிரம்பைப் பதவிநீக்க விசாரணையில் குற்றவாளி என்று இரண்டு முறையும் வாக்களித்தவர் அவர். டிரம்ப் வேண்டும் என்று நினைக்கும் வாக்காளர் அவரை ஏன் திரும்ப அனுப்ப வேண்டும்? கட்சியைப் பார்த்து ஓட்டுப் போடுவதை அறியாமை என்று பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. விவரம் தெரிந்துதான் போட்டார்கள்.

மலையரசி:
பணத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே. மொத்தம் 11 லட்சம் பேர் வாழும் மாநிலத்தில் 25 கோடி டாலருக்கு மேல் கொட்டினார்கள். ஓட்டுப் போட்டவர்கள் ஏறத்தாழ 6 லட்சம் பேர். ஓர் ஓட்டுக்கு 400 டாலர்!

மொன்டானாவுக்கு இது பழைய புண். தாமிரச் சுரங்க அதிபர் வில்லியம் கிளார்க் 1899இல் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு லஞ்சம் கொடுத்து செனட்டர் பதவியைப் பிடித்தார் (அப்போது செனட்டரைத் தேர்ந்தெடுத்தது சட்டமன்றம்தான்). விசாரணை வந்ததும் 1900இல் விலகினார். அந்தச் சூடு பட்டதால்தான் தேர்தலில் நிறுவனங்கள் பணம் செலவிடக் கூடாது என்று 1912இல் மக்களே வாக்களித்துச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதை 2012இல் உச்ச நீதிமன்றம் செல்லாதாக்கியது. அதன் பிறகு உள்ளூர்க்காரர் நல்லவரா கெட்டவரா என்பதை வெளியூர்ப் பணத்தில் ஓடும் தொலைக்காட்சி விளம்பரம் முடிவு செய்கிறது.

கணக்குப்பிள்ளை:
டெஸ்டர் என்ன வெறுங்கையோடா நின்றார்? அவருக்கும் வெளியூர்ப் பணம் வெள்ளமாக வந்தது. இரண்டு பக்கமும் சமமாகக் கொட்டிய பணத்தை ஒருவர் தோல்விக்கு மட்டும் காரணம் காட்டாதீர்கள்.

பொன்னி:
சரி, பணத்தை விடுங்கள். பைடன் விலகவேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார், கட்சி மாநாட்டுக்குப் போகவில்லை, ஹாரிஸை ஆதரிக்கவும் இல்லை. இதற்குமேல் ஒரு மனிதர் கட்சியிலிருந்து எவ்வளவு விலகி நிற்க முடியும்? கட்சிப் பெயரே இல்லாமல் நின்றிருந்தால் வென்றிருப்பார்.

கணக்குப்பிள்ளை:
அதற்கும் அதே ஆண்டில் ஒரு பரிசோதனை நடந்தது. நெப்ராஸ்காவில் டான் ஆஸ்போர்ன் என்ற தொழிற்சங்கக்காரர் சுயேச்சையாக நின்றார். ஜனநாயகக் கட்சி ஆளையே நிறுத்தவில்லை. குடியரசுக் கட்சியின் டெப் ஃபிஷரிடம் ஏறக்குறைய ஏழு புள்ளியில் தோற்றார். டெஸ்டர் தோற்றதும் ஏழு புள்ளியில்தான்.

வழிப்போக்கன்:
உங்கள் கணக்கே உங்களுக்கு எதிராக நிற்கிறது. ஆஸ்போர்ன் எந்தப் பதவியிலும் இருந்ததில்லை, எதிரே நின்றவர்தான் பதவியில் இருந்த செனட்டர். அப்படிப்பட்ட ஒருவர் மூன்று முறை வென்ற டெஸ்டர் அளவுக்கு நெருங்கியிருக்கிறார். கட்சிப் பெயரின் சுமை எவ்வளவு என்று நீங்களே கழித்துச் சொல்லுங்கள்.